நுரை இல்லாத காப்பி

ஒரு வீட்டு அடுப்படியில் ஒரு டம்ளர் வாழ்ந்து வந்தது. எவர்சில்வர் டம்ளர்தான், பெரிய வம்சம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதன் இடுப்பில் 'கோகிலவாணி' என்று பெயர் வெட்டியிருந்தது. அந்த வீட்டின் ஒரே மகளுக்காக வாங்கிய டம்ளர் அது.

அந்த வீட்டில் யாராக இருந்தாலும் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். பாத்திரத்தில் எச்சில் படக் கூடாது என்பது அம்மா நாச்சம்மாளின் சட்டம். கோகிலவாணிக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த டம்ளரில் வேறு யாரும் குடிப்பதில்லை, அதனால் அவள் உதடு வைத்தே உறிஞ்சுவாள். இருபத்துமூன்று வயதாகி, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டிச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். டம்ளருக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. அலமாரியில் மற்ற டம்ளர்களோடு முகம் கொடுத்துப் பேசாது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

ஒரு நாள் காலை கோகிலா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் காப்பியை உறிஞ்சினாள். அப்போது டம்ளருக்கு ஒரு குரல் கேட்டது.

"கோகிலா."

அடுப்படியில் அவளைத் தவிர யாரும் இல்லை. வெளியே யாராவது கூப்பிடுகிறார்களோ என்று டம்ளர் காதைத் தீட்டியது. குரல் வெளியிலிருந்து வரவில்லை. உதட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவளுக்குள்ளிருந்து வந்தது.

"யார் அது?" என்றது டம்ளர்.

"நான் இங்கே குடிவந்திருக்கிறேன்" என்றது குரல். கத்தவில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் பீஸ் கணக்கு வாசிப்பாரே, அப்படி ஒரு நிதானம்.

"யாரைக் கேட்டு வந்தே?"

"யாரையும் கேட்கவில்லை. கேட்டால் விடுவார்களா?"

"மரியாதையா வெளியே போயிரு. இல்லேன்னா அம்மாகிட்டச் சொல்லிருவேன்."

"சொல்லு" என்றது குரல். "நீ பேசினால் அவளுக்குக் கேட்குமா?"

டம்ளருக்குக் கைப்பிடி இல்லை, கால் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே ஓடியிருக்கும். அவ்வளவு பயம் அதற்கு.

அதற்குப் பிறகு கோகிலா அதில் உதடு வைக்கும்போதெல்லாம் டம்ளருக்கு அந்தக் குரல் கேட்டது. முதலில் பெயரை மட்டும் சொன்னது. பிறகு, "பக்கத்து மிஷின்காரி உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்" என்றது. பிறகு, "பஸ்ஸில் பின்னால் நிற்கிறவன் உனக்காகத்தான் ஏறினான்" என்றது. கொஞ்ச நாளிலேயே, "வீட்டில் உனக்குச் சாப்பாட்டில் ஒன்று கலக்கிறார்கள்" என்று தொடங்கிவிட்டது.

அடப் பாவி, அந்த வீட்டில் அதுவரை யாரும் எதையும் கலந்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோகிலா தூங்குவதை விட்டாள். ஜன்னலைச் சாத்தினாள், காதில் பஞ்சு அடைத்தாள், வேலைக்குப் போவதை நிறுத்தினாள். சாதத்தைக் கிளறிக் கிளறிப் பார்த்து நாலு வாய் தின்பாள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், கோயிலில் முடி இறக்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. தைரியம் சொல்லுங்க, சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்வதற்கு என்ன, வாய் இருந்தால் போதும். இருட்டுக்குள்ளே ஒருத்தன் நின்றுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவளுக்கல்லவா கேட்கிறது!

காப்பி ஒன்றைத்தான் அவள் மிச்சமில்லாமல் குடித்தாள். அதற்குக் காரணம் இருந்தது. நாச்சம்மாள் அவள் கண் முன்னால் பால் காய்ச்சி, டிகாஷன் ஊற்றி, டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்கும் ஒரு முழ உயரத்தில் ஆற்றுவாள். நுரை விளிம்புக்கு மேலே வந்து நிற்கும். அந்த நுரையைப் பார்த்த பிறகுதான் கோகிலா கையை நீட்டுவாள்.

"பார்த்தாயா" என்று டம்ளர் குரலிடம் சொல்லும். "என்னை மட்டும் அவ நம்பறா."

"இன்றைக்கு நம்புகிறாள்" என்று குரல் பதில் சொல்லும்.

அப்பா சென்னியப்பன் சாயப்பட்டறையில் மேஸ்திரி. நல்ல மனுஷன்தான், ஆனால் ஊருக்குப் பயந்த மனுஷன். மகளை மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் தெருவே பார்க்கும், நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று குலைநடுங்கினார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் மகளை விட்டுவிட்டுத் தனியாகப் பக்கத்து ஊருக்குப் போனார். ஒரு டாக்டரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். "பொண்ணு வரமாட்டேங்குறாளுங்க" என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னார். அந்த டாக்டர் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு சொட்டு மருந்து பாட்டிலைக் கொடுத்து, காப்பியில் கலந்து கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை நாச்சம்மாள் அந்தப் பாட்டிலை மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். கோகிலா முகம் கழுவப் போயிருந்தாள். டம்ளரில் காப்பி ஆற்றித் தயாராக இருந்தது, நுரையோடு.

"யார் நீ?" என்றது டம்ளர், பாட்டிலைப் பார்த்து.

"மருந்து" என்றது சொட்டு. "எனக்கு நிறம் கிடையாது, வாசம் கிடையாது. உள்ளே ஒருத்தன் குடியிருக்கானாமே, அவன் வாயை அடக்க வந்திருக்கேன்."

"அடடா, வா வா! உனக்காகத்தான் மூணு மாசமாக் காத்திருக்கேன். அவகிட்டச் சொல்லியாச்சா?"

"சொல்லக் கூடாதாம்."

டம்ளருக்குத் திக்கென்றது. "சொல்லாம எப்படி? அவன் அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கான், வீட்டில கலக்கறாங்கன்னு! நீ இப்போ என்னுள்ளே இறங்கினா அவன் சொன்னது உண்மையாயிருமே."

"எனக்கும் பிடிக்கலை" என்றது சொட்டு. "தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறதான். ஆனா என்னை யாரு கேட்டாங்க? ஊத்தற பக்கம் ஓடற சாதி நான்."

நாச்சம்மாள் ஒரு அளவு ஊற்றினாள். பெற்ற மனசு கேட்குமா, சீக்கிரம் குணமாகட்டும் என்று இன்னொரு அளவும் ஊற்றினாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு ஒரு பயம் வந்தது. இப்போது ஆற்றினால் டபராவில் பாதி மருந்து ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டு கீழே சிந்தினாலும் வீண். அதனால் ஆற்றவில்லை. ஒரு ஸ்பூனை எடுத்துக் கலக்கினாள். நுரை அமுங்கி, காப்பி மொட்டையாக நின்றது.

கோகிலா வந்தாள். டம்ளரைப் பார்த்தாள். பக்கத்தில் ஈர ஸ்பூனைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா ஸ்பூனு?"

"சக்கரை கரையல கண்ணு."

கோகிலா டம்ளரை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். உதடு லேசாகத்தான் பட்டது.

"நான் சொல்லவில்லையா?" என்றது குரல்.

டம்ளர் என்ன சொல்லும்? இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் அவளை அவன் கையில் பிடித்துக் கொடுத்தது மாதிரி.

கோகிலா டம்ளரைக் கீழே இறக்கினாள். அம்மாவின் முன்னால் நீட்டினாள். "நீ குடி."

"எனக்கெதுக்கு கண்ணு, நான் குடிச்சாச்சு."

"நீ குடிம்மா. நீ குடிச்சாத்தான் நான் குடிப்பேன்."

 மாட்டேன் என்றால் மகள் இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். நாச்சம்மாள் டம்ளரை வாங்கினாள், அண்ணாந்தாள், ஒரே மூச்சில் கடகடவென்று முழுவதையும் ஊற்றிக்கொண்டாள். "பாரு, ஒண்ணுமில்ல" என்று சிரிக்கவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க டம்ளருக்கே பரிதாபமாக இருந்தது.

கோகிலா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். நாச்சம்மாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள் சட்டென்று எழுந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மிக்கல்லைப் பிடிக்கப் போனவள் பிடிக்க முடியாமல் தரையில் சரிந்தாள். பேச வாயெடுத்தாள், நாக்கு புரளவில்லை. "ஒண்ணு… மில்ல… கண்…" என்று குழறியபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. குரல் மூன்று மாதமாகச் சாட்சி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது, இப்போது வீட்டுக்காரர்களே சாட்சி தேடிக் கொடுத்துவிட்டார்கள்.

கோகிலா அலறவில்லை. அலறியிருந்தால்கூட நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். அவள் சத்தமில்லாமல் பின்வாங்கிப் பின்வாங்கி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் சென்னியப்பன் வந்து நாச்சம்மாளின் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் கோகிலா கதவைத் திறக்கவில்லை. சோறு வைத்தார்கள், திறக்கவில்லை. தண்ணீர் வைத்தார்கள், திறக்கவில்லை. நாச்சம்மாள் கதவுக்கு வெளியே டம்ளரை வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு மொடக்கு சாமி, உங்கம்மாதான் கேக்கறேன்" என்று நாள் முழுக்கக் கெஞ்சினாள். அம்மா கேட்பதுதான் அவளுக்குப் பயமே என்பது பாவம் அந்தத் தாய்க்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாளும் அப்படியே. சித்திரை வெயில் வேறு. ஓட்டு வீட்டுக்குள் ஒரு பெண் தண்ணீர் குடிக்காமல் எத்தனை நாள் தாங்குவாள்? டம்ளர் கதவோரம் உட்கார்ந்து உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை அந்தச் சத்தம் மெலிந்துபோனது. சென்னியப்பன் கடப்பாரையால் தாழ்ப்பாளை நெம்பினார். கோகிலா சுவரோரம் துவண்டு கிடந்தாள். உதடு வெடித்து, நாக்கு வறண்டிருந்தது.

இனி மாப்பிள்ளையாவது தெருவாவது! நடுத்தெருவில் ஆட்டோவை நிறுத்தி, எல்லாரும் பார்க்க மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார் சென்னியப்பன். நாச்சம்மாள் கையில் அகப்பட்டதையெல்லாம் வயர் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். அதில் டம்ளரும் இருந்தது, அந்தச் சொட்டு மருந்து பாட்டிலும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் மனநல டாக்டர் ஜெபமணி. ஐம்பது வயதுப் பெண்மணி, அதட்டிப் பேசத் தெரியாதவர். குளுக்கோஸ் பாட்டிலைக் கோகிலாவின் கண்ணுக்கு நேரே பிடித்து, மேலே எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டி, உறையை அவள் முன்னாலேயே கிழித்த பிறகுதான் ஏற்றினார். "உங்களுக்குத் தெரியாம ஒரு சொட்டு உள்ள போகாது" என்றார். கோகிலா ஊசியைப் பிடுங்கிப் போடவில்லை.

மறுநாள் காலை அவளால் எழுந்து உட்கார முடிந்தது. டாக்டர் மூன்று பேரையும் தன் அறைக்கு அழைத்தார். நாச்சம்மாள் கூடையை மேசையோரம் வைத்தாள், டம்ளர் எட்டிப் பார்த்தது. மேசை மேல் மூன்று மாத்திரை அட்டைகள் இருந்தன. டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் டம்ளர் மெல்லப் பேச்சுக் கொடுத்தது.

"நீங்க எல்லாம் யாரு?"

"முதல் முறையா இந்த நோய் வந்தவங்களுக்கு எங்கள்ல ஒருத்தரைத்தான் முதல்ல அனுப்புவாங்க" என்றது ஓரத்தில் இருந்த அட்டை. அது மூவரில் மூத்தது. "நான் பழைய ஆளு. எத்தனையோ குரல்களை அடக்கியிருக்கேன். ஆனா கை காலை இறுக்கிருவேன். சிலருக்குக் கை நடுங்கும்."

"ஐயோ, அவ ஓவர்லாக் ஓட்டறவ. கை நடுங்கினா ஊசி விரல்ல ஏறிருமே."

"அதனாலதான் முன்கூட்டியே சொல்லிட்டேன்."

நடுவில் இருந்த அட்டை சிரித்தது. "நான் நல்லாத் தூங்க வைப்பேன். பசியும் எடுக்கும். சாதாரணப் பசி இல்லை, சட்டியோடு தின்கிற பசி. ரெண்டு மாசத்தில சுடிதார் பத்தாது. குடும்பத்தில யாருக்காவது சர்க்கரை உண்டா?"

டம்ளர் சென்னியப்பனின் வலது காலைப் பார்த்தது. அந்தக் காலில் கட்டைவிரல் இல்லை. சர்க்கரையில் போன விரல் அது. டம்ளர் சொல்லாமலே அட்டைக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது அட்டை பேசவே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க டம்ளருக்கு ஏதோ உறுத்தியது. "உன்னை நான் எங்கேயோ…"

"உன் வயித்துக்குள்ளேயே இருந்திருக்கேன்" என்றது அது. "அன்னைக்குச் சொட்டா வந்தேன், இன்னைக்கு மாத்திரையா வந்திருக்கேன். மருந்து ஒண்ணேதான்."

"நீயா! அந்தத் தாயைச் சாய்ச்சது நீதானா?"

"நான்தான். என் கடி அப்படி. எழுந்தா தலை சுத்தும், பெண்களுக்கு மாசக் கணக்குத் தவறும், உடம்பும் கொஞ்சம் போடும். அளவு கூடினா மூத்தவர் மாதிரி நானும் இறுக்குவேன். அதுக்குத்தான் ரொம்பக் கொஞ்சமா ஆரம்பிக்கணும். உங்க வீட்டில ரெண்டு பங்கு ஊத்தினாங்க."

"சரி, உங்க மூணு பேர்ல யாருக்குப் பலம் ஜாஸ்தி?"

மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "புதுசா வந்த குரல்னா எங்க மூணு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை" என்றது மூத்தது. "யாரு எங்கே கடிப்போம்கிறதுதான் வித்தியாசம். அதனால எந்தக் கடியை அவ தாங்குவாங்கறதை அவதான் சொல்லணும்."

இதையேதான் டாக்டர் ஜெபமணியும் கோகிலாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நீங்க என்ன நினைக்கறீங்க கோகிலா?" என்று கேட்டார்.

கோகிலா நான்கு நாளில் முதல் முறையாக வாய் திறந்தாள். "எங்கம்மாவுக்கு விஷம் வெச்சுட்டாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, உனக்கு அப்பிடித் தோணுது" என்றார் சென்னியப்பன் அவசரமாக.

"நான் பார்த்தேன். காப்பியில கலந்திருந்துச்சு."

"எல்லாம் நெனப்புத்தான். காப்பியில யாரு கலக்கப் போறா?" சொல்லிக்கொண்டே அவர் மேசைக்கு அடியில் மனைவியின் காலை மிதித்தார், வாயைத் திறக்காதே என்று.

 உண்மையைச் சொன்னால் மகள் இனி சாகும்வரை தன்னை நம்பமாட்டாள். சொல்லாவிட்டால் இந்த மேசையில் இருக்கும் எந்த மருந்தையும் தொடமாட்டாள். நாச்சம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

"நாந்தான் கலந்தேன் சாமி."

 டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"விஷம் இல்ல, மருந்து. உனக்குன்னு உங்கப்பா வாங்கியாந்தாரு. உங்கிட்டச் சொல்லாம நாந்தான் ரெண்டு பங்கா ஊத்துனேன். நீ குடின்னியா, பயத்துல நானே குடிச்சுப்போட்டேன். சக்கரைன்னு சொன்னது பொய்யி. என்னைய அடிக்கோணும்னா அடிச்சுக்க." நாச்சம்மாள் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கோகிலா அடிக்கவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான் சொன்னது பைத்தியக்காரப் பேச்சு இல்லை?"

"இல்ல கண்ணு. அந்த ஒண்ணு நெசந்தான்."

"மூணு மாசமாக் கலக்கறயா?"

"ஐயோ, இல்ல! அந்த ஒரே நாளுதான். என்ற குலதெய்வம் மேல ஆணை."

"அது மூணு மாசமாச் சொல்லுதே."

"எது கண்ணு?"

கோகிலா தரையைப் பார்த்தபடி ஏதோ கணக்குப் போடுவது போல விரலை மடக்கினாள். "அப்ப மத்த நாளெல்லாம் அது சொன்னது…" என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். டாக்டர் முடிக்கச் சொல்லவில்லை. கெட்டிக்கார டாக்டர்.

கோகிலா மேசையைக் காட்டினாள். "இதுல எது அன்னைக்குக் காப்பியில இருந்துச்சு?"

நாச்சம்மாள் கூடையிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்ட, டாக்டர் அதன் பெயரைப் படித்துவிட்டு மூன்றாவது அட்டையைத் தொட்டார். எடுத்து வீசப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அட்டையே அப்படி நினைத்துக் குறுகிக்கொண்டது.

"இதைக் குடிச்சா எப்படி இருக்கும்?"

டாக்டர் சொல்ல வாயெடுத்தார். கோகிலா கையை உயர்த்தி நிறுத்தினாள். "நீங்க குடிச்சதில்லை. அம்மா, நீ சொல்லு."

நாச்சம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "குடிச்சு ஒரு மணி நேரத்துல எந்திரிச்சனா, கண்ணு இருட்டிருச்சு. நாக்கு தடிச்சுப்போயி பேச வரல. செத்துப் போயிருவனோன்னு பயந்தே போயிட்டேன். மத்தியானம் வரைக்கும் தூக்கம். அடுத்த நாளு ஒடம்பு கனமா இருந்துச்சு. அதுக்கடுத்த நாளு சரியாப் போச்சு. சாகல கண்ணு. இதோ உக்காந்திருக்கறேன்."

"பொய் சொல்லலையே?"

"இனிமேச் சொல்லமாட்டேன்."

கோகிலா டாக்டர் பக்கம் திரும்பினாள். "கை இறுகுமா?"

"அளவு கூடினா இறுகலாம். அதனாலதான் உங்கம்மா ஊத்தினதுல பாதி, அதைவிடக் குறைச்சலாக்கூட ஆரம்பிப்போம். வாராவாரம் வாங்க. எடை பார்ப்போம், ரத்தம் பார்ப்போம். கை இறுகினாலும், தலை சுத்தினாலும், மாசம் தவறினாலும் எங்கிட்டச் சொல்லுங்க. வேற மாத்திரை மாத்தலாம். முதல் மாத்திரைதான் கடைசி மாத்திரைன்னு சட்டம் இல்லை. ஆனா நல்லாயிருச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது."

"இதுவே குடுங்க" என்றாள் கோகிலா.

சென்னியப்பனுக்கு ஆச்சரியம். "எல்லாத்தையும் விட்டுட்டு அதையேவா?"

"மத்த ரெண்டும் எப்படின்னு எனக்கு யாருப்பா சொல்லுவா?"

டாக்டர் மனதில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த கணக்கும் அதுதான், அப்பாவின் காலையும் மகளின் கையையும் பார்த்துப் போட்ட கணக்கு. சரி என்று தலையாட்டி அட்டையை நீட்டினார். கோகிலா மேலே இருந்த பெயரைப் படித்தாள். தேதியைப் படித்தாள். தானே கிழித்தாள். கூடையிலிருந்து டம்ளரை எடுத்து, அறையின் மூலையில் இருந்த குழாயில் தானே இரண்டு முறை அலசி, தானே தண்ணீர் பிடித்தாள். மாத்திரையை நாக்கில் வைத்து, டம்ளரை உதட்டில் பொருத்தினாள்.

மூன்று நாளுக்குப் பிறகு டம்ளர் அந்தக் குரலை மறுபடி கேட்டது.  இத்தனை நாள் ஒரு தரம்கூடச் சத்தம் உயர்த்தாத குரல் இப்போது கத்தியது.

"விஷம்! துப்பு! உன் அம்மாவே ஒத்துக்கொண்டாள்! இந்த டாக்டரும் கூட்டு! துப்பு!"

கோகிலாவின் கை நின்றது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. தண்ணீர் டம்ளருக்குள் தளும்பியது. டம்ளருக்கு அவள் பயம் முழுவதும் தெரிந்தது. அவள் பல் தன் விளிம்பில் கிடுகிடுவென்று அடிப்பதும் தெரிந்தது. ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. கத்துகிறவனும் நடுங்கிக்கொண்டுதான் கத்துகிறான்.

கோகிலா மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, எனக்குள்ள ஒருத்தன் பேசறான். இது விஷம்னு சொல்றான்."

இந்த மூன்று மாதத்தில் அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. நாச்சம்மாளுக்கு அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. பயப்படாதே என்று சொல்லவும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது சாமி. ஆனா இது என்னன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் இங்கியேதான் உக்காந்திருப்பேன். ஒனக்குத் தலை சுத்துனாப் புடிச்சுக்கறேன்."

கோகிலா கண்ணை இறுக்கி மூடினாள். விழுங்கினாள். டம்ளரில் இருந்த தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

குரல் உடனே அடங்கிவிடவில்லை. அடங்க வாரக்கணக்கில் ஆகும், அடங்காமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அது முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தது. கோகிலா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 

"இனிமே எது கலந்தாலும் எங்கிட்டச் சொல்லிட்டுக் கலக்கோணும்" என்றாள்.

"சொல்றேன் கண்ணு."

"சக்கரை போட்டாலும்."